அண்டாவில் ஊற்றும் உரிமை

எங்கள் ஊரப்பாக்கம் தெருவில் ஆடிக் கூழை வீட்டுக்கு வீடு காய்ச்சி எடுத்துவந்து, அம்மன் கோயில் வாசலில் ஒரே அண்டாவில் ஊற்றுவோம். அதிலிருந்துதான் எல்லோருக்கும். தெருப் பெண்கள் நாங்களே நடத்துவது. தலைவி, செயலாளர் என்றெல்லாம் கிடையாது. எதிர்வீட்டு அக்கா சொன்னால் நடக்கும், அவ்வளவுதான்.

பன்றிக் காய்ச்சல் பரவிய ஆண்டு. கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்குச் சில நாள் முன்பு, புனேயில் வேலை பார்த்த என் மகன் லீவில் வந்தான். டிவியைப் போட்டால் புனே, புனே என்று அலறிய நேரம். அன்று மாலையே அக்கா என் கேட்டுக்கு வெளியே நின்று சொன்னாள்.

“இந்த வருசம் உன் வூட்டுக் கூழ் வேணாம்மா.”

எனக்குச் சுருக்கென்றது. தெருவிலேயே இருக்காதே என்று சொன்ன மாதிரி இருந்தது.

“என் புள்ளைக்கு இன்னா வந்துச்சு? கல்லு மாதிரி கீறான்.”

“எம் பொண்ணு மாசமா கீறா. அவளுக்கு ஒண்ணுன்னா நீயா வந்து பதில் சொல்லுவ?”

மறுநாள் கோயில் வாசலில் கூடிப் பேசினோம். பேசினோம் என்பது மரியாதைக்கு, கத்தினோம். சிலர் கூழே வேண்டாம் என்றார்கள். சிலர் ஆத்தா பார்த்துக்கொள்வாள் என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருத்திகூட என் பக்கத்தில் உட்காரவில்லை.

கடைசியில் தெருக்கோடி வீட்டு மருமகள்தான் வழி சொன்னாள். “வூட்ல காய்ச்ச வேணாங்க்கா. மாவைக் கரைச்சு எடுத்தாந்து இங்கயே காய்ச்சலாம். யார் வூட்டு மாவா இருந்தாலும் கொதிச்சிரும்ல?”

அக்கா யோசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். “சரி. ஆனா உன் வூட்ல யாராச்சும் இருமுனா மறைக்காம சொல்லிரணும்.”

“நான் மறைக்கிறவளா?” என்று சீறினேன்.

ஞாயிறு காலை, புளித்த மாவைத் தூக்கில் ஊற்றிக்கொண்டு கிளம்பும்போது மகன் இருமினான். நெற்றியைத் தொட்டேன். சுட்டது.

யாருக்குத் தெரியப் போகிறது, மாவு கொதிக்கத்தானே போகிறது என்று மனசு வாதாடியது. அத்தனை சண்டை போட்டுப் பிடித்த இடம். இப்போது சொன்னால் மானம் போய்விடும். ஆனால் அங்கே பாத்திரம் எடுத்துக் கொடுக்க அக்காவின் பெண்ணும் வந்திருப்பாள். கோயில் நாலு வீடு தள்ளித்தான். கேட்டிலேயே நின்று குரல் கொடுத்தேன்.

“எக்கா! புள்ள இருமறான். ஒடம்பு சுடுது. நான் வரல.”

தெருவே திரும்பிப் பார்த்தது.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து தள்ளி நின்றாள். “கீழ வச்சிட்டு நவுரு.”

வைத்தேன். தூக்கை அவளே எடுத்துப்போய், எல்லோரும் பார்க்க, கொதிக்கிற அண்டாவில் ஊற்றினாள். ஒருத்தி, “எக்கா, அவ வூட்டு மாவு...” என்று இழுத்தாள்.

“கொதிச்சிகினு கீதுல்ல? கம்முனு கிட.”

பிறகு என் பக்கம் திரும்பினாள். “நீ இன்னாத்துக்கு இன்னும் நின்னுகினு கீற? ஆட்டோவுக்கு நான் சொல்றேன். புள்ளய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ.”

அத்தனை நாளும் வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.