அம்பிகாவின் பென்குயின் பெட்டி

மாதனூர் அம்பிகாவுக்குப் பிடிவாதம் கூடவே பிறந்தது. ஷூ கம்பெனியில் தையல் ஹாலில் வருஷக்கணக்கில் மிஷின் ஓட்டியவள், இப்போது மாடியில் இருக்கும் டிசைன் ரூம் மேல் கண் வைத்துவிட்டாள். அங்கே ஒரு நாற்காலி காலி. மேனேஜர் சர்தார் பாஷாவும் சொல்லிவிட்டார்:

"திங்கக்கெழம வரும்போது கம்ப்யூட்டர்ல ஒரு பேட்டர்ன் வரைஞ்சி எடுத்துட்டு வாம்மா. நல்லா இருந்தா சீட்டு ஒனக்கு. இல்லன்னா வெளியில இருந்து ஆள் எடுத்துடுவாங்க."

வரையத் தெரியும், அதற்காகவே சாயந்திர வகுப்புக்குப் போனவள் அவள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் பூட்டு. வீட்டில் இருந்தது பிளஸ் டூ படித்தபோது கவர்மென்டு கொடுத்த லேப்டாப். அதில் விண்டோஸ் எப்போதோ மண்டையைப் போட்டுவிட்டது. மிச்சம் இருந்தது பென்குயின் படம் போட்ட லினக்ஸ்தான்.

செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, வரையும் மென்பொருளை டவுன்லோடு செய்தாள். இருப்பதிலேயே புதுசு. ஏற்றப்போனால் பாஸ்வேர்டு கேட்டது. அடிக்கிறாள், அடிக்கிறாள், திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. கீபோர்டைத் தட்டோ தட்டென்று தட்டினாள்.

"அத ஏன்மா போட்டு அடிக்கிற? அது இன்னா பாவம் பண்ணுச்சி?" என்றான் வேலு. கம்பெனி பஸ் ஓட்டும் அவள் புருஷன்.

அந்தப் பெட்டியின் பழக்கமே அப்படியாம்: அடித்தாலும் வெளியே காட்டாது. குருட்டாம்போக்கில் அடித்து எண்டரைத் தட்டினாள். உள்ளே விட்டது. ஆனால் அடுத்த வரியிலேயே, 'இந்தக் கம்ப்யூட்டருக்கு இது பொருந்தாது' என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டது.

அங்கேதான் அம்பிகா கம்பெனிப் புத்தியைக் காட்டினாள். கால் வடிவ அச்சை அங்கே கட்டை என்பார்கள். தோல் கட்டையில் ஏறவில்லையா? கிடுக்கியைப் போட்டு ரெண்டு இழுப்பு இழுத்தால் வழிக்கு வந்துவிடும். இன்டர்நெட்டில் தேடி, வலுக்கட்டாயமாக ஏற்றும் கட்டளை ஒன்றைப் பிடித்து அடித்தாள். ஏறியேவிட்டது! அமுக்கினால்தான் திறக்கவில்லை. போதாக்குறைக்கு, வேறு எதை ஏற்றப்போனாலும் 'முதலில் அந்த அரைகுறையைச் சரிசெய்' என்று பெட்டி முரண்டு பிடித்தது. அடி மேல் அடி வைத்தால் அம்மி வேண்டுமானால் நகரும், லேப்டாப்பா நகரும்?

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "இந்தப் பாழாப்போன பொட்டியால என் சீட்டு போவப்போவுதுங்க."

"பழைய பொட்டிம்மா. புது சாமான் எப்டி ஏறும்?" என்று வேலு சும்மா ஆறுதலுக்குச் சொன்னான்.

அம்பிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அட ஆமாங்க! வேற நம்பருக்கு வெட்டின தோல இந்தக் கட்டையில போட்டு இழுத்துட்டு இருக்கேன். நம்பரே தப்புன்னா எவ்ளோ இழுத்தாலும் கிழியத்தான் செய்யும்."

அரைகுறையைக் கழற்றி எறிந்தாள். டவுன்லோடு செய்த அதே இணையதளத்தில் கீழே கீழே போய், அந்த மென்பொருளில் தன் லினக்ஸ் வந்த காலத்துப் பழைய பதிப்பைத் தேடி எடுத்தாள். சத்தமே இல்லாமல் ஏறி உட்கார்ந்தது. கறிக்குழம்பு ஆறிப்போனதுகூடத் தெரியாமல் பொழுது சாயும்வரை வரைந்தாள்.

திங்கட்கிழமை பஸ்ஸில் புதுப் பயம் பிடித்தது. பழசில் வரைந்தது ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறக்குமா? ஆபீசுக்குப் போனதும் முதல் வேலையாகப் பென்டிரைவைச் செருகினாள். திறந்தது. சர்தார் பாஷா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மூலை மூலையாகப் பார்த்தார்.

"தையலுக்கு எடம் அழகா வுட்ருக்க. நாளையிலேர்ந்து மாடிக்கு வந்துடும்மா."

மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கியவள் பழக்கதோஷத்தில் நேராகத் தையல் ஹாலுக்குப் போய், தன் மிஷினில் உட்கார்ந்து நூலும் கோத்துவிட்டாள். பக்கத்து மிஷின் மெஹக் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாக்கா, இங்க ஒக்காந்துட்ட? எந்திரி. இது ஒன் சீட்டு இல்ல."

அத்தனை வருஷத்தில் அம்பிகாவை யாரும் அந்த ஸ்டூலிலிருந்து எழுப்பியதில்லை. சிரித்தாள், கூடவே கண்ணும் கலங்கியது. கோத்த நூலை உருவாமலே மெஹக்கிடம் விட்டுவிட்டுப் படியேறினாள்.