மணல் தட்டில் ஐந்து தகடுகள்

உச்சி வெயிலில் வெந்து கிடக்கும் கல்லின் மேல் உள்ளங்கையை வைக்க முடியாது. ஆனால் அதே கல்லைக் காலால் புரட்டினால், அடியிலிருந்து லேசான ஈரவாடையோடு ஒரு குளிர்ச்சி எழும்பி முகத்தில் படும். மேலநீலிதநல்லூர் பக்கத்தில் வானம் பார்த்த பூமி எங்களுடையது. வாய்க்காலும் வயலுமாக வளர்ந்தவர்கள் அதைப் "பொட்டல்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். கல்லைப் புரட்டி வளர்ந்த எங்களுக்கோ அங்கே தேள் தெரியும், பூரான் தெரியும், உடைமரத்து ஓணான் தெரியும், முதல் மழைக்கு மண்ணுக்குள்ளிருந்து ஊர்ந்து வரும் சிவப்புப் பட்டுப்பூச்சியும் தெரியும்.

எழுபதுகளின் கடைசியில், இரண்டு வருடம் மழை பொய்த்ததும், அப்பா சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நாங்களும் டவுனுக்குக் குடிவந்தோம், நான் ஐந்தாம் வகுப்பில் சேர்ந்தேன். எங்கள் டீச்சர் ஆற்றங்கரை ஊர்க்காரர். நன்றாகவே பாடம் நடத்துவார், அதை நான் மறுக்கவில்லை. பாலைவனப் பாடம் வந்த அன்று மட்டும், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு என்னைக் கைகாட்டினார்.

"பாலைவனம் பாக்க ரொம்ப தூரம் போவ வேண்டாம் பிள்ளைகளா. இவ ஊருக்கு பஸ் ஏறுங்க. ஒண்ணும் கெடையாது, வெறும் பொட்டல்."

அன்று மத்தியானத்திலிருந்து என் பெயர் "ஒட்டகம்". வயதுக்கு மீறிய உயரமாக வேறு இருந்து தொலைத்தேன். "ஏட்டி ஒட்டகம், தண்ணி வேணுமா?" என்று குழாயடியில் கேட்ட ஒருத்தியின் சடையைப் பிடித்து இழுத்ததில் ரிப்பன் என் கையோடு வந்துவிட்டது, அதற்காக முட்டி போட்டேன். முட்டி வலி சாயங்காலத்துக்குள் போய்விட்டது. அந்த "ஒண்ணும் கெடையாது" போகவில்லை. ஒன்றுமில்லாத ஊரிலிருந்து வந்தவள் என்றால் நானும் ஒன்றுமில்லாதவள்தானே? எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று பள்ளிக்கூடமே வெள்ளையடித்துக்கொண்டது. எங்கள் வகுப்பு மணல் தட்டில் பாலைவனம் செய்துவைக்க வேண்டும். அட்டையில் ஒட்டகம் ஒருத்திக்கு, ஈச்ச ஓலையில் பேரீச்சை மரம் இன்னொருத்திக்கு என்று வேலையைப் பிரித்துக் கொடுத்த டீச்சர், எனக்கு மணலை ஒதுக்கினார். ஓடை மணலை அள்ளிவந்து நிரப்பும்போதே நான் தீர்மானித்துவிட்டேன், இந்தப் பாலைவனத்தை வெறுமனே விடப்போவதில்லை என்று.

வீட்டில், சாமி படத்துக்குக் கீழே ஒரு டப்பாவில் ஐந்து "தகடு" இருந்தன. பாம்பு, தேள் பயம் உள்ளவர்கள் கோயில் வாசல் கடைகளில் அவற்றின் உருவம் அடித்த சின்னத் தகடுகளை வாங்கி உண்டியலில் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். டவுனுக்கு வந்த மறுமாதமே தம்பியைத் தேள் கொட்டியது. அம்மா புற்றுமண்ணைக் குழைத்துப் பூசிவிட்டு, அந்த இடத்திலேயே நேர்ந்துகொண்டாள். பாம்பு இரண்டு, தேள் இரண்டு, பூரான் ஒன்று. வெள்ளிக்கிழமை போட வேண்டியவை. இன்ஸ்பெக்டர் வருவது வியாழக்கிழமை. ஒரு பகல் பொழுதுக்கு எடுத்தால் சாமி ஒன்றும் நினைக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காலையில் எல்லோருக்கும் முன்னால் போய், தட்டில் ஐந்து இடத்தில் தகடுகளை மணலுக்குள் புதைத்து, மேலே தட்டைக் கற்களை வைத்தேன். டீச்சர் வந்து பார்த்துவிட்டு, "கல்லு எதுக்குட்டி?" என்றார். "கெடக்கட்டும் டீச்சர்" என்றேன். அவருக்கு அன்றைக்கு வேறு ஆயிரம் கவலை.

வழுக்கைத் தலையும் சிரித்த முகமுமாக வந்த இன்ஸ்பெக்டர் தட்டின் முன்னால் குனிந்து, "பாலைவனத்துல என்னென்ன உயிரு இருக்கு?" என்று கேட்டார்.

"ஒட்டகம்!" என்று வகுப்பே கத்தியது.

"வேற?"

"வேற ஒண்ணும் கெடையாது சார்" என்றார் டீச்சர்.

நான் எழுந்துவிட்டேன். "இருக்கு சார்."

"எங்கம்மா இருக்கு? என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே."

"பகல்ல எப்படி சார் தெரியும்? வெயில்ல வெளிய வந்தா செத்துல்லா போவும். கல்லப் பொரட்டுங்க."

அவர் ஒரு கல்லைத் தூக்கி, விரலால் மணலைக் கிளறினார். தேள் வந்தது. சட்டென்று கையை உதறியவர் பிறகு தகடு என்று கண்டு வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த கல்லில் பாம்பு. தண்ணீர் இல்லாத இடத்தில் தேள் எதைக் குடிக்கும் என்று கேட்டார். பூச்சியைத் தின்னும், பூச்சிக்குள் இருக்கும் ஈரமே அதற்குப் போதும் என்றேன். பூச்சி எதைத் தின்னும் என்றதற்கு உடைமரத்து இலை, ஆட்டுப் புழுக்கை என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். கடைசியாக, யாரும் கேட்காமலே சொன்னேன்:

"எங்க ஊர்ல ஒட்டகம்தான் சார் கெடையாது. மத்ததெல்லாம் இருக்கு."

இன்ஸ்பெக்டர் என் தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் டீச்சரின் முகம் மாறியது. "சாமிக்கு நேர்ந்ததையா மண்ணுல பொதைச்சே? தப்புன்னு சொல்லு" என்றார். சொல்ல மாட்டேன் என்றேன். "சொல்லுத வரைக்கும் வெளிய நில்லு" என்றார். நின்றேன். தட்டு மணலை மைதானத்தில் கொட்டியபோது ஓடிப்போய்க் கைகளால் துழாவினேன், நான்குதான் கிடைத்தன. ஒரு தேள் போனது போனதுதான்.

வீட்டில் அம்மா கேட்டதும் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். முதுகில் விழுந்த அடி தெருவுக்கே கேட்டிருக்கும். ஆனால் மறுநாளும் நான் வகுப்புக்கு வெளியேதான் நிற்பேன் என்று தெரிந்தபோது, அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னோடு புறப்பட்டு வந்தாள். பள்ளிக்கூடப் படியை அம்மா மிதித்தது அந்த ஒரு தடவைதான்.

"எடுத்ததுக்கு நான் அடிச்சிட்டேன் டீச்சரம்மா, அது போதும். தேளு வீட்டுக்குள்ள வரப்படாதுன்னுதான் நாங்க தகடு போடுதோம். காட்டுல இருக்கப்படாதுன்னு எந்தச் சாமிட்டயும் நாங்க கேக்கல. இருக்கத இருக்குன்னு சொன்ன பிள்ளைய எதுக்கு வெளிய நிறுத்துதீங்க?"

டீச்சர் என்னைப் பார்த்து, "போய் உக்காரு" என்றார். தப்பு என்று நான் சொல்லவே இல்லை, இன்றுவரை. "ஒட்டகம்" என்ற பெயரும் வருடக் கடைசி வரை போகவில்லை. ஆனால் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதை நான் நிறுத்திவிட்டேன்.

போன மாதம் ஊர்ப்பக்கம் போயிருந்தேன். அம்மா இல்லை. போகிற வழியில் பார்த்தேன், தேள் தொலைந்த பள்ளிக்கூட மைதானத்துக்கு சிமென்ட் தளம் போட்டுவிட்டார்கள். ஊரில் எங்கள் மானாவாரிக் காட்டை மட்டமாக்கி, உடைமரங்களை வேரோடு பிடுங்கி, வெள்ளையடித்த பிளாட் கற்களை வரிசையாக நட்டிருக்கிறார்கள். "சும்மா கெடந்த தரிசுதானக்கா" என்றார் காவலுக்கு இருந்தவர். நான் ஒரு பழைய கல்லைத் தேடினேன். அரைமணி நேரம் அலைந்த பிறகு, வேலி ஓரத்தில் ஒன்று கிடைத்தது. குனிந்து புரட்டினேன். அடியிலும் சூடுதான் இருந்தது.

திரும்பும் வழியில் சங்கரன்கோவிலில் இறங்கி, கோயில் வாசல் கடையில் தேள் தகடு ஒன்று வாங்கினேன். கடைக்காரப் பெண் அதைத் தாளில் மடித்துக்கொண்டே, "வீட்டுக்குள்ள தேளு வருதாக்கா?" என்று கேட்டாள்.

"வரல்ல," என்றேன். "காட்டுலயும் காணோம். அதுக்குத்தான் வாங்குதேன்."