வெள்ளைப் புலி வளர்த்த வேதகிரி

வடக்கே ஒரு மிருகக்காட்சிசாலையில் வெள்ளைப் புலியைப் பார்க்க அரை நாள் வரிசையில் நின்ற கதையை, உத்திரமேரூர் அரிசி ஆலைக் களத்தில் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது அறுபத்தேழாம் வருஷம். நான் ஊர் திரும்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவித்த நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த வேதகிரி நின்றார்.

"ஆணா, பொட்டையா?"

தெரியாது என்றேன்.

"அவ்ளோ நேரம் நின்னு அதைக்கூடப் பாக்கலியா?" என்று சிரித்துவிட்டு மறுபடி நெல்லைக் கிளறப் போனார்.

அவரை ஊரில் புலிக்காரர் என்பார்கள். இளவயதில், வாலாஜாபாத்தில் கூடாரம் அடித்த சர்க்கஸோடு யானைக்குத் தழை வெட்டப் போனவர். கடைசியில் வடக்கே ஒரு பழைய சமஸ்தானத்து மிருகக்காட்சிசாலையில் கூண்டு கழுவும் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டார். மனைவி மங்கம்மாவையும் மகள் செல்லாயியையும் பார்க்க எப்போதாவது வந்து போவார். அங்கே தாய் பால் கொடுக்காமல் ஒதுக்கிய வெள்ளைக் குட்டி ஒன்றை ஆட்டுப்பால் ஊட்டி வளர்த்தார். மகள் ஞாபகத்தில் அதையும் செல்லாயி என்றே கூப்பிட்டார்.

குட்டி வளர்ந்து பெரிதானதும், அதன் கூண்டுக்கும் தகப்பன் புலியின் கூண்டுக்கும் நடுவிலிருந்த இரும்புக் கதவைத் தூக்கச் சொன்னார்கள். வெளிப்புலியோடு சேர்த்தால் வெள்ளை நிறம் மறைந்துவிடும் என்பது அவர்கள் பயம். வேதகிரி தூக்கினார். பிறந்த குட்டிகளில் இரண்டு செத்தே விழுந்தன. ஒன்றுக்கு மாறுகண், பின்காலும் இழுத்தது. தேறிய ஒன்றைத்தான் ஜனங்களுக்குக் காட்டினார்கள். மாறுகண் குட்டியைப் பின்கட்டில் மறைத்து வைத்தார்கள். காட்டில் புலியைச் சுட்டுத் தள்ளுகிறார்கள், இங்கேயாவது அது பிழைக்கட்டும், வெள்ளைப் புலியைப் பார்க்க வரும் கூட்டத்தால்தான் மற்ற மிருகங்களுக்கும் தீனி கிடைக்கிறது என்று அதிகாரிகள் சொன்னார்களாம். அதுவும் மெய்தான் என்று வேதகிரியே என்னிடம் ஒப்புக்கொண்டார். ஆனால் இரண்டாம் முறை கதவைத் தூக்கச் சொன்னபோது சாவியைக் கொடுத்துவிட்டு ரயிலேறிவிட்டார்.

இங்கே வந்தால் வீட்டில் கல்யாணப் பேச்சு. மங்கம்மாவின் தம்பி கோபால் பக்கத்தில் பெருநகர் என்ற ஊரில் இருந்தான். செல்லாயி பிறந்த அன்றே அவள் அவனுக்கு என்று ஆகிவிட்டது. அக்காள் மகளைத் தாய்மாமன் கட்டுவதை எங்கள் பக்கத்தில் யாரும் தப்பு என்று சொன்னதில்லை. சொந்த ரத்தத்துக்குள் வேண்டாம், அந்தக் குட்டிகளின் கதிதான் ஆகும் என்றார் வேதகிரி.

ஊரே சிரித்தது. மங்கம்மா சிரிக்கவில்லை. கணவனோடு பேச்சை நிறுத்தினாள். சோற்றை மட்டும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். ஒருநாள் களத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கம்மாளும் மாமனைத்தான் கட்டிக்கினா. என்னைப் பாரு. எனக்கு இன்னா மாறுகண்ணா கீது?"

இதை வேதகிரியிடம் கேட்டேன். "மனுசனும் புலியும் ஒண்ணான்னு எனக்கும் தெரியல. பயமா கீது, அவ்ளோதான்," என்றார்.

தை பிறந்ததும் கோபால் தாம்பூலத் தட்டோடு வந்துவிட்டான். உறவுக்காரர்கள் வாசலில் பாய் போட்டு உட்கார்ந்தார்கள். அக்கம்பக்கத்தாரோடு நானும் நின்றேன். தட்டை வாங்க வேண்டியவர் வேதகிரி. அவர் வாங்காவிட்டால் கல்யாணத்தோடு அக்காள் தம்பி உறவும் முறிந்துபோகும்.

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னா மாமா, நான் குடிகாரனா, சோம்பேறியா? சொல்லு, போயிடறேன்," என்றான் கோபால்.

"நீ தங்கமான புள்ளடா."

"அப்புறம் எங்கியோ கீற புலிக்காக என்னை ஏன் தள்ளி வெக்கிற?"

யாரோ சிரித்தார்கள். வேதகிரி உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டார். நாலு பேர் நடுவில் பெண்ணை நிறுத்திச் சம்மதம் கேட்பது எங்களிடம் வழக்கமில்லை. மங்கம்மாவின் முகம் சுருங்கியது.

"அந்த செல்லாயியைக் கேக்க முடியாம பூட்ச்சி. உன்னைக் கேக்கறேன். மாமனைக் கட்டிக்கிறியா? வேணாம்னா வேணாம்னு சொல்லு, பழி என்னோட போவட்டும்."

அவள் வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பாவைப் பார்க்காமலே, "மாமனைத்தான் கட்டிக்குவேன், நைனா," என்றாள்.

அவர் எதிர்பார்த்த பதில் அதுவல்ல என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் கேட்டுவிட்டார், இனி மறுக்க முடியாது. கோபாலின் அருகில் போனார்.

"பொறக்கிறது எப்படிப் பொறந்தாலும் உள்ள வெச்சு மறைக்கக் கூடாது. தூக்கிக்கினு வந்து தெருவுல உக்காரணும். செய்வியா?"

கோபாலுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தலை குனிந்தான். "செய்வேன், மாமா."

வேதகிரி அப்போதும் கையை நீட்டாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்குய்யா, அவனுக்குக் கை நோவுது," என்றாள் மங்கம்மா.

அவர் தட்டை வாங்கிக்கொண்டார்.