மாப்பிள்ளையின் கம்பளம்

என் தங்கையின் கணவர் வடக்கே வேலை பார்த்த காலத்தில் கம்பளி விரிப்பு ஒன்றை வாங்கி வைத்திருந்தார். எட்டடிக்கு ஆறடி. சிவப்பில் வெள்ளைப் பூப் போட்டது. திருச்சிக்கு மாற்றலாகி வந்ததும் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியேறினார்கள். அப்பா கட்டிய வீடு. கீழே நானும் என் மனைவியும். ஐம்பதுகளின் கடைசி அது.

அவர் கை ஓங்குகிறவர் என்பது முதல் மாதமே தெரிந்துவிட்டது. விரிப்பில் காபி சிந்தியதற்காக ஒரு மாலை அடித்தார். அடி விழுவதும் அவள் சுவரில் மோதுவதும் கீழே எனக்குத் தெளிவாகக் கேட்டன. அன்றன்றைக்கு நடப்பதை அன்றே எழுதி வைப்பவன் நான். அந்த வருடத்து நோட்டில் "மாலை ஆறரை. மேலே சத்தம்" என்பது போலப் பதினோரு இடத்தில் இருக்கிறது. என்ன சத்தம் என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. வீட்டு மாப்பிள்ளையைக் கேள்வி கேட்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. மறுநாள் காலை அவர் படியிறங்கி வரும்போது நான் எழுந்து நின்று நாற்காலியை நகர்த்திப் போடுவேன். அவரும் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

ஒரு சனிக்கிழமை அவர் மதுரைக்குப் போனார். தங்கை கீழே வந்து என் மனைவியோடு படுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்து நான் பல் துலக்கும்போது கூடத்து உத்தரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. மேலே ஓடினோம். மாடிக்குத் தண்ணீர் விடியற்காலையில் மட்டும்தான் ஏறும். முந்தின நாள் சாயங்காலம் குழாயைத் திறந்து பார்த்த தங்கை, தண்ணீர் வரவில்லை என்றதும் மூட மறந்திருக்கிறாள். அறையில் கணுக்காலளவு தண்ணீர். விரிப்பு ஊறி, தூக்க முடியாத கனத்தில் கிடந்தது.

தங்கை குழாயை மூடவில்லை. விரிப்பைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, சாயங்காலம் ஆறு மணி வண்டியில வர்றாரு."

"அதுக்குள்ள காஞ்சிடும்" என்றேன்.

"காயலேன்னா என்னைக் கொன்னுடுவாரு."

பேச்சுக்கு யாரும் அப்படிச் சொல்வதுண்டு. அவள் பேச்சுக்குச் சொல்லவில்லை. முன்பு ஒரு முறை கழுத்தில் கை வைத்திருக்கிறார் என்று அன்றுதான் எங்களிடம் சொன்னாள்.

நான் வேலையை வரிசைப்படுத்தினேன். முதலில் தண்ணீரை வடிக்க வேண்டும். விரிப்பைச் சுருட்டி, மூன்று பேரும் அதன்மேல் ஏறி மிதித்தோம். சிவப்பாகத் தண்ணீர் வந்தது. பிறகு மாடியின் திறந்த தளத்துக்கு இழுத்துப் போய், இரண்டு மூங்கில் கழிகளைக் கட்டி அதில் போட்டோம். கழி படீரென்று முறிந்து என் மனைவியின் தோளில் விழுந்தது. கயிற்றுக் கட்டில்கள் இரண்டைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் விரித்தேன். அடியிலும் காற்று போகட்டும் என்று.

பத்து மணிக்கு மேல்பக்கம் சூடாக இருந்தது. அழுத்தினால் இன்னும் நீர் கசிந்தது. அப்போதுதான் அந்தத் தவற்றைச் செய்தேன். எண்ணெய் கொட்டினால், சாணி சறுக்கினால், எங்கள் ஊரில் உமியைத்தான் போடுவோம். ரைஸ் மில்லிலிருந்து இரண்டு மூட்டை உமி வரவழைத்து, விரிப்பின் மேல் மூன்று விரற்கடை கனத்துக்குப் பரப்பினேன். ஈரத்தை அது உறிஞ்சியதென்னவோ உண்மை. ஆனால் தள்ளிப் பார்த்தால், ஒவ்வொரு உமியும் கம்பளி மயிருக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

"சிமெண்ட்டுத் தரைக்கும் கம்பளிக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு? ஆபீஸ்ல எப்படித்தான் வச்சிருக்காங்களோ" என்றாள் மனைவி.

அடித்து உதிர்ப்பதைத் தவிர வழியில்லை. விரிப்பைக் கைப்பிடிச் சுவரில் போட்டு, முறிந்த கழியின் ஒரு துண்டால் நான் அடித்தேன். உமி பறந்தது. கை ஓய்ந்ததும் தங்கை கழியை வாங்கிக்கொண்டாள். முதலில் மெதுவாக அடித்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் அடித்தது உமியை உதிர்ப்பதற்கான அடி அல்ல. ஒரே இடத்தில், வெள்ளைப் பூவின் நடுவில், பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப அடித்தாள். தெருவில் போனவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"போதும்மா, கிழிஞ்சிடப் போகுது."

நிறுத்தினாள். முகமெல்லாம் உமித்தூள். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணே, இது காஞ்சா மட்டும் அடிக்க மாட்டாராண்ணே?"

காலை ஐந்தரையிலிருந்து மூன்று பேர் இடுப்பொடிய வேலை செய்திருந்தோம், ஒருவர் கோபப்படாமல் இருப்பதற்காக. அவர் கையைப் பிடித்து நிறுத்தலாம் என்பது என் வரிசையில் எங்குமே இல்லை.

அவர் ஆறு மணிக்கு வரவில்லை. நாலேகாலுக்கே வந்துவிட்டார். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தளத்துக்கு வந்து விரிப்பைப் பார்த்தார். முக்கால்வாசி காய்ந்திருந்தது. ஆனால் சாயம் இறங்கி வெள்ளைப் பூக்கள் எல்லாம் ரோஸ் நிறமாகியிருந்தன.

"மாப்பிள்ளை, தப்பு என்னுது. உமி போட்டது நான்தான்" என்றேன்.

"குழாயைத் திறந்தது யாரு?" என்றபடியே தங்கையின் கையிலிருந்த கழியைப் பிடுங்கி அவள் முதுகில் அடித்தார். "நீங்க கீழ போங்க மச்சான். இது எங்களுக்குள்ள."

வெட்கத்தோடு எழுதுகிறேன்: நான் படியை நோக்கி இரண்டு அடி எடுத்து வைத்தேன். கால் பழகியிருந்தது. அவர் அடித்த இரண்டாவது அடியின் சத்தம் கேட்டது. எலும்பில் விழுந்த சத்தம்.

திரும்பிப் போய் அவர் முகத்தில் குத்தினேன். அதற்கு முன் நான் யாரையும் அடித்ததில்லை. எங்கே அடிக்க வேண்டும் என்று தெரியாமல் வாயில் அடித்தேன். பல் பட்டு என் விரல் கிழிந்தது. அவர் கழியை எறிந்துவிட்டு என் கழுத்தைப் பிடித்துக் கைப்பிடிச் சுவரில் சாய்த்தார். என் தலை சுவருக்கு வெளியே இருந்தது. தெரு தலைகீழாகத் தெரிந்தது. மனைவி படிக்கட்டிலிருந்து அலறினாள். திடீரென்று அவர் பிடி விட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தங்கை கழியோடு நின்றிருந்தாள். ஒரே அடிதான் அடித்தாள்.

"புருஷனை அடிச்சவளுக்கு இனி இங்க இடமில்லை. கீழ இறங்குடி" என்றார். வாயில் ரத்தம்.

"நீங்க இறங்குங்க" என்றாள். "இது எங்கப்பா வீடு."

அவர் அன்றே போனார். விரிப்பைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு, நொண்டியபடி அதன் பின்னால் நடந்தார். தெருவே பார்த்தது. தங்கையின் தோள்பட்டை எலும்பில் விரிசல் விட்டிருந்தது. புத்தூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "என் வீட்டுக்காரர் கழியால அடிச்சார்" என்றாள்.

பத்து நாள் கழித்து முசிறியிலிருந்து பெரியப்பா வந்தார். அவளைத் திரும்ப அனுப்பிவைக்க மாப்பிள்ளையிடம் எல்லாப் பேச்சையும் பேசி முடித்துக்கொண்டுதான் வந்திருந்தார்.

"அடிக்கிற கைதாம்மா அணைக்கும்" என்றார்.

"அணைச்சதை நான் பார்க்கலை பெரியப்பா. நீங்க பார்த்தீங்களா?"

பெரியப்பா என்னைப் பார்த்தார். "என்னப்பா, நீ ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறியே?"

"அவ போக மாட்டா பெரியப்பா" என்றேன்.

டம்ளரில் பாதிக் காபியை வைத்துவிட்டு எழுந்தார். முசிறி பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நான் சொல்லவில்லை.