ஒரே கூண்டுக்குப் போன பார்சல்கள்

என் கைப்பையின் உள்ளறையில், சாவிக்கொத்துக்கும் தலைவலித் தைலத்துக்கும் நடுவே, ஒரு ரப்பர் விரலுறை கிடக்கிறது. தாள் புரட்டுபவர்கள் ஆள்காட்டி விரலில் மாட்டிக்கொள்ளும் சாதாரணப் பொருள்தான். பழுப்பு நிறம், நுனியில் ஒரு கீறல், மேலே இருக்கும் புள்ளிகள் பாதி தேய்ந்துவிட்டன. கீழே போட்டால் யாரும் குனிந்துகூட எடுக்க மாட்டார்கள். ஈப்போவில் நாங்கள் வேலை செய்த பார்சல் பிரிப்பு நிலையத்திலிருந்து ஓய்வு பெற்ற அன்று மேசை அண்ணே இதை என் உள்ளங்கையில் வைத்து, "தங்கக் காப்பு குடுக்க வசதி இல்ல தங்கச்சி, இத வச்சுக்க" என்றார். சிரித்துக்கொண்டே வாங்கிப் பையில் போட்டேன். எனக்கும் இது ஒருநாள் தேவைப்படும் என்று அப்போது தோன்றவில்லை.

மேசை அண்ணே என்பது நாங்கள் வைத்த பெயர். நிலையத்துக்கு வரும் பார்சல்களில் பெரும்பாலானவற்றை இயந்திரமே ஊர்வாரியாகப் பிரித்துவிடும். மழையில் நனைந்தது, முகவரி கிழிந்தது, கையால் கிறுக்கியது என்று இயந்திரம் துப்பிவிடுகிறவை மட்டும் ஒரு நீள மேசைக்கு வரும். அங்கே நிற்பவர் ஒரே பார்வையில் ஊர்ப்பெயரைப் படித்து, பின்னால் வரிசையாக நிற்கும் சக்கரம் வைத்த கம்பிக் கூண்டுகளில் சரியானதில் போட வேண்டும். செமோருக்கு ஒன்று, பீடோருக்கு ஒன்று, ஹுத்தான் மெலிந்தாங்குக்கு ஒன்று என்று ஊருக்கொரு கூண்டு. பதினெட்டு வருடம் அந்த மேசையில் நின்றவர் அவர். நாங்கள் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் மூன்று பார்சல் கூண்டில் விழுந்திருக்கும். படிக்கிறாரா, மோப்பம் பிடிக்கிறாரா என்று கேலி செய்வோம். அவர் பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். "காலையில ஆள் கணக்கு எடுக்கற பெரட்டுல பேர முழுசா கூப்பிடறதுக்குள்ள எங்கப்பா கைய தூக்கிடுவாரு. அந்த ரத்தம்லா இது" என்று மார்தட்டிக்கொள்வார்.

நான் அங்கே மேற்பார்வையாளர். என்னைப் பற்றி அங்கே யாரைக் கேட்டாலும் முதலில் என் சிவப்பு அட்டை நோட்டைப் பற்றித்தான் சொல்வார்கள். தவறுக்கு மலாயில் சாலா. அதனால் அதற்குப் பெயர் சாலா புத்தகம். ஊர் மாறிப் போய்த் திரும்பி வந்த ஒவ்வொரு பார்சலையும் அதில் எழுதுவேன்: எழுதியிருந்த ஊர் எது, போன கூண்டு எது, போட்டவர் யார். எழுதும்போது எனக்கு ஒரு திருப்தி இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிறர் தவறைப் பார்க்கிற கண் எனக்குப் பிறவியிலேயே கூர்மை. அண்ணே பெயர் அதில் மாதத்துக்கு ஒரு முறை வந்தால் அதிகம். எனக்கே அது சற்று ஏமாற்றமாக இருக்கும்.

ஒரு வருடம் மழைக்காலத்தில் அவர் பெயர் வாரத்துக்கு ஏழு, எட்டு முறை வரத் தொடங்கியது. வேறு சில கூத்துகளும் நடந்தன. பசார் பக்கம் தேநீர் குடிக்கப் போனபோது, ஒரு கடை வாசலில் தொங்கிய திறப்பு விழாத் துணியை இறப்பு அறிவிப்பாகப் படித்துவிட்டு, "யாருலா போயிட்டா?" என்று கடைக்காரரிடமே கேட்டார். கடைக்காரர் முகம் போன போக்கைப் பார்த்து நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அண்ணேயும் சிரித்தார். வயதாகிவிட்டது, கண் போய்விட்டது என்று நான் முடிவு கட்டினேன். கண்ணாடிக் கடைக்கு அனுப்பினேன். புதுக் கண்ணாடி வந்தது, அவருக்கு நன்றாகவும் இருந்தது. தவறு மட்டும் குறையவில்லை.

மேலாளர் என்னை அழைத்து, அவரை லாரியில் ஏற்றி இறக்கும் வேலைக்கு மாற்றப் போவதாகச் சொன்னார். அண்ணேக்கு முதுகுத்தண்டில் பழைய அடி உண்டு. லாரி வேலை என்றால் ஒரு மாதத்தில் அவராகவே வேலையை விட்டுவிடுவார் என்பது மேலாளருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாலா புத்தகத்திலிருந்து அவர் தவறுகளை மட்டும் தனியே எழுதி வெள்ளிக்கிழமை கொடுக்கச் சொன்னார். சரி என்றேன். விதி விதிதானே என்று என் மனசாட்சிக்கும் ஒரு பதில் வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை காலை உட்கார்ந்து எழுதினேன். ஐந்தாவது வரியில் கை நின்றது. போன கூண்டு: பீடோர். அதற்கு மேல் வரி, பீடோர். அதற்கும் மேல், பீடோர். செமோருக்குப் போக வேண்டியது பீடோரில் கிடந்திருக்கிறது. ஹுத்தான் மெலிந்தாங்குக்குப் போக வேண்டியதும் அங்கேதான். முப்பத்தொரு தவறு, ஒரே கூண்டு. மற்றவர்கள் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். அவர்கள் தவறுகள் எல்லா ஊருக்கும் சிதறிக் கிடந்தன. கண் கெட்டவனுக்கும், களைத்தவனுக்கும், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே வேலை செய்பவனுக்கும் தவறு நாலா பக்கமும்தான் போகும். இது அப்படிப் போகவில்லை. ஒரு மாதமாக என் கையால் நானே எழுதியவை. ஒரு வரிக்கு அடுத்த வரியாக வைத்து ஒருமுறைகூடப் படித்துப் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

பத்து மணி இடைவேளையில் கேண்டீனில் அவர் எதிரே போய் உட்கார்ந்தேன். "அண்ணே, பீடோர்ல யாரு இருக்கா?" என்றேன்.

அவர் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "யாரும் இல்ல மேடம்." கோபம் வந்தால் மட்டும்தான் நான் அவருக்கு மேடம்.

"யாரு இருந்தா?"

கரண்டி நின்றது. பீடோரில் அவர் தம்பி இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். பழத்தோட்டத்தில் வேலை செய்துகொண்டு ஒரு வாடகை அறையில் தனியே இருந்தவர். மழை தொடங்குவதற்குச் சற்று முன் அவர் இறந்தது எங்களுக்குத் தெரியும். அண்ணே மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் வந்து, நான்காம் நாள் வழக்கம்போல் கிண்டலடித்துக்கொண்டு வேலை பார்த்தார். கெட்டியான மனுஷன் என்று பாராட்டினோம். தெரியாதது இதுதான். "ஃபோன் பண்ணான் தங்கச்சி. நெஞ்சு ஒரு மாதிரி இருக்குண்ணே, வாரியான்னு கேட்டான். மேசையில நிக்கிறேன்டா, அப்புறம் கூப்பிடறேன்னு வச்சிட்டேன். மறந்துட்டேன்லா. ரெண்டு நாள் கழிச்சு பக்கத்து வீட்டு ஆன்ட்டிதான் கூப்பிட்டாங்க." அதற்குப் பிறகு படுத்தால் தூக்கம் இல்லை, கைப்பேசி அடிப்பதுபோலவே இருக்கிறது. பீடோர் கூண்டில் போடுவது தமக்குத் தெரியாது என்று சத்தியம் செய்தார். நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

கிளினிக் என்று நான் சொன்ன உடனே எழுந்துவிட்டார். "பைத்தியம்னு எழுதிட்டா அப்புறம் எவன் என்னை மேசையில நிக்க விடுவான்?" என்றார். அவர் பயந்தது நோய்க்கு அல்ல, மேசையை இழப்பதற்கு. நான் நேரே மேலாளரிடம் போய் ஆறு வாரம் கேட்டேன். ஆறு வாரத்தில் தவறு குறையாவிட்டால் அவரோடு என்னையும் லாரிக்கு மாற்றுங்கள் என்றேன். அவ்வளவு வீராப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அதைக் கேள்விப்பட்டதும் அண்ணே, "உனக்கு லாரி ஏறத் தெரியுமா தங்கச்சி? சூசாலா உன்னோட, பெரிய தொல்லை. சரி, எத்தனை மணிக்கு போலாம்?" என்றார்.

அரசாங்கக் கிளினிக்கில் பார்த்த இளம் டாக்டர் நாங்கள் கொண்டுபோன புத்தகத்தைப் பொறுமையாகப் பார்த்தார். எழுத்தை மாற்றிப் படிப்பது ஒரு நோய் அல்ல, தூங்காதவர் யாராக இருந்தாலும் அப்படிப் படிப்பார்கள், இதை வைத்து என்னால் எந்தத் தீர்ப்பும் சொல்ல முடியாது என்றார். ஆனால் இதைப் பார்த்து நீங்கள் வந்தீர்களே, அது நல்லது என்றார். பிறகு தூக்கம், சாப்பாடு, தம்பி என்று ஒரு மணி நேரம் அண்ணேவிடம் கேட்டார். மாத்திரை கொடுத்தார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆலோசகரிடம் பேச நாள் குறித்துக் கொடுத்தார்.

மேசைக்கு அண்ணே தாமாகவே ஒரு விதி வகுத்துக்கொண்டார். விரலுறை மாட்டிய விரலை ஊர்ப்பெயரின் கீழே வைத்து, சத்தமாகப் படித்துவிட்டுத்தான் பார்சலைத் தூக்குவது. நிலையத்திலேயே வேகமான கை, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல் விரல் வைத்துப் படித்தது. இளவட்டங்கள் பின்னால் நின்று "செ... மோர்..." என்று இழுத்துப் பாடிக்காட்டின. நான் அதட்டப் போனேன். "விடு தங்கச்சி, அவனுங்களும் ஊர் பேர் கத்துக்கட்டும்" என்று தடுத்துவிட்டு இன்னும் சத்தமாகப் படித்தார். முதல் வாரம் ஒன்பது தவறு, இரண்டாம் வாரம் ஆறு. மூன்றாம் வாரம் மறுபடி எட்டு. அன்று அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. மறுநாள் காலை எனக்கு முன்னால் வந்து விரலுறையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். நாலாம் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பீடோருக்குப் போய், அதுவரை பூட்டியே கிடந்த தம்பியின் அறையைத் திறந்து காலி செய்துவிட்டு வந்தார். கூட வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். ஆறாம் வார முடிவில் இரண்டே தவறு. ஒன்று செமோர் கூண்டில், ஒன்று ஹுத்தான் மெலிந்தாங் கூண்டில். புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்தவர், "பாத்தியா தங்கச்சி, இப்ப நானும் எல்லாரு மாதிரி தப்பு பண்றேன்!" என்று கத்தினார். சாலா புத்தகத்தைப் பார்த்து மகிழ்ந்த ஒரே தொழிலாளி அவர்தான்.

அவர் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. செமோரில் மகள் வீட்டில் இருக்கிறார். என் கணவர் இறந்து ஏழு மாதமாகிறது. ஒரு வாரத்தில் வேலைக்குத் திரும்பினேன். இரும்பு மனுஷி என்றார்கள், நானும் கேட்டுக்கொண்டேன். போன மாதம் ஆள் குறைந்து நானே மேசையில் நின்றபோது, ஒரு பார்சலில் என் கணவர் பெயரைப் படித்தேன். குனிந்து பார்த்தால் யாரோ ஒரு சீனப் பெண்ணின் பெயர். மறுநாள் இன்னொன்று. ஒவ்வொரு முறையும் ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவருக்குப் பார்சல் வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் சாலா புத்தகத்தைத் திறந்து, போட்டவர் என்ற இடத்தில் முதல்முறையாக என் பெயரை எழுதினேன். இரண்டு வாரம் எழுதினேன். எழுதிவிட்டு, இந்தத் தடவை வரிக்கு வரி படித்தேன். அண்ணேவைக் கூப்பிட்டேன்.

"எத்தனை?" என்றார்.

"பதினொன்னு."

"எல்லாம் ஒரே கூண்டுக்கா?"

"ஆமாண்ணே. எங்க வீட்டுப் பக்கம் போற கூண்டு."

மறுமுனையில் அவர் பெருமூச்சுகூட விடவில்லை. "நாளைக்கு ஒம்போது மணிக்கு வாரேன். ரெடியா இரு."

அதே கிளினிக்; டாக்டர் வேறு. பதிவு மேசையில் இருந்த தாதி ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். எழுத்துகள் கண்முன் நீந்தின. கடகடவென்று எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுவிட்டு எழுந்துவிடலாம் என்று தோன்றியது. அண்ணே நேரே சுவரைப் பார்த்தபடி, "எங்கலா அது?" என்றார். நான் பையைத் துழாவி விரலுறையை எடுத்து மாட்டினேன். என் விரலுக்குக் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. முதல் கேள்வியின் கீழே விரலை வைத்தேன்.

"சத்தமா" என்றார் அண்ணே.

வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று படித்தேன். கடந்த இரண்டு வாரங்களாக நன்றாகத் தூங்குகிறீர்களா என்றுதான் எழுதியிருந்தது. 'இல்லை' என்று எழுதிவிட்டு, விரலை அடுத்த கேள்விக்கு நகர்த்தினேன்.