சுகுமாறன் விழுங்கிய தாய்மார் மாத்திரை

மலேசியாவின் ரவாங்கில் ஓடு செய்யும் தொழிற்சாலையில் சுகுமாறன் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறான். முப்பத்திரண்டு வயது. புக்கிட் ரோத்தான் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவன். 'தெரியாது' என்ற வார்த்தை அவன் வாயில் வராது. பல்லி விழுந்த பலனிலிருந்து வாஷிங் மெஷின் ரிப்பேர் வரை எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பான். பாதி தப்பாக இருக்கும்.

அப்படிப்பட்டவனுக்கே மகள் பிறந்த மூன்றாவது வாரத்தில் வாய் அடைத்துப்போனது. மனைவி விஷாலினி காரணமில்லாமல் அழுதாள். குழந்தை தூங்கினாலும் அவள் தூங்கவில்லை. ஒருநாள் காலை தொட்டிலைப் பார்த்தபடி, "வேற யாரு வீட்டுப் பிள்ளையோ மாதிரி இருக்குங்க" என்றாள்.

சுகுமாறன் அண்ணாந்து பார்த்தான். "ஃபேனைக் கூட்டி வைக்கவா?" என்று கேட்டான். அவனுக்கு வந்தது அதுதான்.

கூட வேலை செய்யும் இருசப்பனிடம் விஷயத்தைச் சொன்னான். இருசப்பன் வேலை நேரம் போக மூலிகைச் சரக்கு விற்பவன். மறுநாளே ஒரு மாத்திரை டப்பாவோடு வந்தான். பிள்ளை பெற்றவளுக்கு உடம்பைச் சூடாக்கும், வாயுவை வெளியேற்றும், பாலைப் பெருக்கும், மனக்கவலையைப் போக்கும் என்று அதில் நான்கு மொழிகளில் எழுதியிருந்தது.

"பூரா செடி கொடிதான் லா. ஒன்னும் பண்ணாது" என்றான்.

விஷாலினி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பால் குடுக்கிறேன். பாப்பாவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா? மொதல்ல நீங்க சாப்பிட்டுப் பாருங்க."

சாப்பிட்டான். வேளைக்கு இரண்டாக ஐந்து நாள்.

டப்பா பொய் சொல்லவில்லை. ஏர்கோன் அறையில் உட்கார்ந்தாலும் அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. வாயுவும் வெளியேறியது. ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வரும்போது எழும் எச்சரிக்கை ஒலியையும் மீறிக் கேட்டதால், சரக்கு ஏற்றுகிறவர்கள் பத்தடி தள்ளியே நின்றார்கள். ஐந்தாம் நாள்தான் பாலைப் பெருக்கும் சங்கதி அவன் நினைவுக்கு வந்தது. கழிவறைக்குள் போய்ச் சட்டையைக் கழற்றி, கண்ணாடி முன் நின்று மார்பை அமுக்கிப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த சூப்பர்வைசர், வந்த வேகத்தில் திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் குழந்தையை அரசாங்கக் கிளினிக்கில் காட்ட வேண்டியிருந்தது. அங்கே நர்ஸை மிஸ்ஸி என்பார்கள். மிஸ்ஸி உஷாராணி எடை பார்த்து முடித்ததும் சுகுமாறன் குரலைத் தாழ்த்தினான்.

"மிஸ்ஸி, ஆம்பளைக்குப் பால் சுரக்குமா?"

மிஸ்ஸி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "என்னத்த சாப்பிட்டீங்க தம்பி?"

அவன் டப்பாவை நீட்டினான். படித்துப் பார்த்தவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பாலெல்லாம் வராது. சாப்பிடுறத நிறுத்துங்க. இது யாருக்கு வாங்குனது?"

அவன் விஷாலினியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். மிஸ்ஸியின் சிரிப்பு நின்றது. நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு, ஒரு தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். உயிரை மாய்த்துக்கொள்ளத் தோன்றியதா என்ற கேள்விக்கு விஷாலினி, "ஒரு தடவை" என்றாள். சுகுமாறன் மகளை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"இது சோம்பேறித்தனமும் இல்ல, காத்து கருப்பும் இல்ல. பிள்ளை பெத்தவங்க நெறைய பேருக்கு வர்ற சீக்கு. இன்னைக்கே டாக்டர் பாக்கட்டும்" என்றார் மிஸ்ஸி. பிறகு அவனிடம் திரும்பினார். "செடி கொடின்னாலும் கேக்காம குடுக்கக்கூடாது தம்பி. பால்லயும் போகலாம், மருந்தோடயும் மோதலாம். இன்னொன்னு. அவங்க பேசும்போது நீங்க பதில் சொல்லாதீங்க. கேட்டா மட்டும் போதும்."

டாக்டர், பால் கொடுப்பவள் சாப்பிடக்கூடிய மருந்து கொடுத்தார். வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேச ஓர் ஆலோசகரையும் ஏற்பாடு செய்தார். துணி துவைப்பதும் பாத்திரம் கழுவுவதும் சுகுமாறனுக்கு வந்து சேர்ந்தன. அதெல்லாம் சுலபம். பதில் சொல்லாமல் இருப்பதுதான் பிரசவ வேதனை. முதல் வாரம் முழுக்க உதட்டைக் கடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

நல்ல நாளும் வந்தது, மோசமான நாளும் வந்தது. போகப்போக மோசமான நாள்கள் குறைந்தன.

குழந்தைக்கு ஏழு மாதமானபோது குரங்குகள் திரியும் கோலசிலாங்கூர் குன்றைச் சுற்றிப்பார்க்கப் போனார்கள். ஒரு குரங்கு குழந்தையின் தொப்பியைப் பறித்துக்கொண்டு ஓடியது. சுகுமாறன் குரங்குகளின் குணத்தைப் பற்றி விளக்க ஆரம்பிப்பதற்குள், விஷாலினி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அதைத் துரத்தினாள். தொப்பி கிடைக்கவில்லை. எறிந்த செருப்பும் போனது.

ஒற்றைச் செருப்போடு மூச்சு வாங்கத் திரும்பி வந்தவள், "பசிக்குது. செண்டோல் வாங்கிக் குடுங்க" என்றாள். தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட அந்த இனிப்பில் தன்னுடையதைக் குடித்து முடித்து, அவனுடையதையும் எடுத்துக்கொண்டாள்.