பவுன் அசல், காப்பு போலி

வேலை நிரந்தரமானதும் எனக்கென்று ஒரு நகை வாங்க ஆசைப்பட்டேன். பெயர்பெற்ற பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் காப்பு. மெல்லிய கயிறுகளை முறுக்கிவிட்டதுபோல இருக்கும். புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது. ஒருவர் அணிந்து விற்பதை வாங்கலாம். ஆனால் அசலாக இருக்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். எங்கள் சார்செல் புறநகர் வீட்டுக்குப் பிரெஞ்சில் வரும் கடிதங்களின் பொடி எழுத்துகளைச் சிறுவயதிலிருந்தே நான்தான் படித்துச் சொல்வேன். ஆகவே காப்பின் பொடி எழுத்துகளையும் விட்டுவைக்கவில்லை. அந்த நிறுவனம் இந்தக் காப்பைப் பதினெட்டுக் கரட்டில் மட்டுமே செய்கிறது. உட்புறத்தில் அந்தப் பதினெட்டைக் குறிக்கும் 750 என்ற எண்ணும், கடுகளவில் அரசின் கழுகுத் தலை முத்திரையும், தொடர் எண்ணும் இருக்கும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து, ஒரு பூதக்கண்ணாடியும் வாங்கினேன்.

அம்மாவுக்குக் கோயிலில் பழக்கமான, பக்கத்து ஊரான கார்ஜில் இருக்கும் அன்ரி ஒருவர், தன்னிடமுள்ள அதே காப்பை விற்கப்போவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு தேநீர்க்கடையில் மூவரும் சந்தித்தோம். அம்மாதான் முதலில் வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"நல்ல பவுன், பிள்ளை. எவ்வளவு மஞ்சளாக் கிடக்கு."

அந்த மஞ்சள்தான் எனக்கு இடித்தது. பதினெட்டுக் கரட் அப்படி மின்னாது. கண்ணாடியை எடுத்தேன். கண் டொக்டரிடம் வந்ததுபோல இருக்கிறது என்று அன்ரி சிரித்தார். நிறுவனத்தின் பெயர் அழகாக வெட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் 916. கழுகைக் காணவில்லை.

"அன்ரி, இது அவங்கள் செய்தது இல்லை."

அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. "ஓம், படத்தைக் காட்டி இஞ்சைதான் செய்விச்சனான். அவங்கள் பதினெட்டிலை செய்யிறாங்கள், இது இருபத்திரண்டு. உனக்குக் குறைஞ்சதோ வேணும்?"

அம்மாவும் அதே கேள்வியோடு என்னைப் பார்த்தார். படத்தைக் கொடுத்துச் செய்விப்பது எங்களுக்கு வழக்கம். அது யாருடைய வடிவம் என்று எவரும் கேட்பதில்லை. படத்தில் இருந்ததால், நகை செய்த பத்தர் நிறுவனத்தின் பெயரையும் சேர்த்து வெட்டிவிட்டார். அந்தப் பெயரோடு விற்றால் இங்கே பொலிஸ் வரைக்கும் போகும் என்று விளக்கினேன். அப்போதுதான் அன்ரி காப்பைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"அப்ப பேரை அழிச்சுப்போட்டு விக்கட்டே?"

அழித்துவிட்டு வெறும் பவுனாக, நிறைக்கு விற்கச் சொன்னேன். தேநீரை முடித்து நேரே பத்தரிடம் போனோம். அவர் பெயரை அராவி எடுத்ததும், நிறுத்துப் பார்த்து அம்மாவே அதை வாங்கிக்கொண்டார். நான் வெறுங்கையோடு வீடு திரும்பினேன், வருத்தமில்லை.

என்னுடையது சில மாதங்கள் கழித்து வேறொருவரிடம் கிடைத்தது, அவர் வாங்கிய கடைப் பற்றுச்சீட்டோடும் கழுகோடும். அதை அணிந்துகொண்டு அம்மாவுடன் ரயிலில் வந்தபோது, அவர் தன் காப்புக் கையை என் கைக்குப் பக்கத்தில் நீட்டிப் பார்த்தார்.

"உன்ரை வெளிறிப்போய்க் கிடக்கு, பிள்ளை."

"ஓம் அம்மா," என்றேன். அந்த வெளிறல் எனக்குப் பிடித்திருந்தது.